படர்தாமரை என்று நினைத்த படை

கோவா பொடி என்று ஒரு மருந்து இருந்தது. பெயர்தான் கோவா, சரக்கு பிரேசிலுடையது. அங்கே பாஹியா பகுதியின் காடுகளில் வளரும் அராரோபா மரத்தின் தண்டுக்குள், வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் படியும். அதைச் சுரண்டி எடுத்துப் போர்த்துக்கீசியர்கள் தங்கள் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். கோவா வழியாக அது பம்பாய் மருந்துக்கடைகளுக்கு வந்து, படர்தாமரைக்குக் கைகண்ட மருந்து என்று பெயர் வாங்கியது. எங்கிருந்து வருகிறது என்பது வெகுகாலம் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. 1870களில்தான் பாஹியாவைச் சேர்ந்த மருத்துவர் டா சில்வா லிமா, இது தங்கள் ஊர் அராரோபாவேதான் என்று அடையாளம் காட்டினார்.

அதே காலத்தில், 1876-இல், லண்டன் தோல் மருத்துவர் பால்மன்னோ ஸ்கொயர் ஒன்றைக் கவனித்தார். படர்தாமரை என்று நினைத்துக் கோவா பொடி பூசப்பட்ட ஒரு படை மறைந்திருந்தது. ஆனால் அது படர்தாமரை அல்ல, சோரியாசிஸ். அதுவரை ஆர்சனிக்கையும் தாரையும் நம்பியிருந்த ஒரு நோய்க்கு இப்படித்தான் தற்செயலாக ஒரு நல்ல மருந்து கிடைத்தது. பொடியின் வீரியப் பொருளுக்குக் கிரைசரோபின் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரேசில் சரக்கு ஜெர்மனிக்கு வருவது நின்றுபோகவே, அங்குள்ள வேதியியலாளர்கள் அதற்கு ஈடாக 1916-இல் டித்ரனால் என்ற செயற்கைப் பொருளை உண்டாக்கினார்கள். தோலையும் துணியையும் கறையாக்கும் குறை இருந்தாலும், நூறு ஆண்டுகளாக டித்ரனால் புழக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் படர்தாமரைக்கு அரைத்துப் பூசும் சீமையகத்தி இலையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் உண்டு. வண்டுகொல்லி என்று கிராமங்களில் சொல்வது அதைத்தான்.

லண்டனில் அந்தக் குழப்பம் ஒரு மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தது. இன்று நம்மிடையே அதே குழப்பம் நேரெதிராக வேலை செய்கிறது. சோரியாசிஸைப் படர்தாமரை என்றோ பொடுகு என்றோ எடுத்துக்கொண்டு மருந்துக்கடையில் கையை நீட்டிக் காட்டி, “அரிக்குதுண்ணே, ஏதாவது குடுங்க” என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கலவைக் களிம்பு. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அவற்றோடு குளோபெட்டசால் போன்ற கடும் ஸ்டீராய்டு ஒன்று. எது நோயாக இருந்தாலும் இவற்றில் ஏதோ ஒன்று கேட்கும் என்பதுதான் அந்தக் கலவையின் தர்க்கம். ஸ்டீராய்டு எல்லாவற்றையும் கொஞ்சம் அமுக்கும். படர்தாமரை என்றால் மேலே அடங்கி உள்ளே பரவும். சோரியாசிஸ் என்றால் ஒரு வாரத்தில் மறைந்து, நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகத் திரும்பும். 2018-இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்தது, கடைப் பழக்கம் அந்த வேகத்தில் மாறவில்லை.

சோரியாசிஸ் சிகிச்சையில் இன்றைக்கு மருந்துப் பஞ்சம் இல்லை. சீக்கிரமும் சரியாகவும் அடையாளம் காண்பதும், அவசரத்தில் தவறான மருந்தைத் தொடாமல் இருப்பதுமே பெரிய சிக்கல்கள் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை அந்தக் கோணத்திலிருந்துதான் எழுதப்படுகிறது.

முதலில் கண்ணுக்குத் தெரிவது. பாடப்புத்தகங்கள் சோரியாசிஸைச் சிவந்த, தடித்த, வெள்ளிநிறச் செதில் படர்ந்த படை என்று வருணிக்கும். அந்தச் சிவப்பு வெள்ளைத் தோலின் சிவப்பு. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது ஊதா கலந்த பழுப்பாக, சிலருக்கு ஏறத்தாழக் கருப்பாகவே தெரியும். மேலே உள்ள செதில் சாம்பல் வெள்ளை. ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் இதை லைக்கன் பிளானஸ் என்றோ நாட்பட்ட எக்ஸிமா என்றோ எடுத்துக்கொள்ள இடம் உண்டு. ஆறிய பிறகும் நம் தோலில் கரும்புள்ளியோ வெளுத்த திட்டோ பல மாதங்கள் தங்கும். நோய் போயிருக்கும், நிறம்தான் மிச்சம் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் அந்தக் கறைக்கும் களிம்பைப் பூசிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். கறை உள்ள இடத்தைத் தடவிப் பார்த்தால் தோல் வழவழப்பாக, தடிப்பே இல்லாமல் இருக்கிறதா? அப்படியானால் அங்கே மருந்துக்கு வேலை இல்லை.

நிறம் ஏமாற்றினாலும் மற்ற அடையாளங்கள் ஏமாற்றுவதில்லை. படையின் விளிம்பு கூர்மையாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டக்கூடியதாக இருக்கும். முழங்கை, முழங்கால், இடுப்பின் பின்பக்கம், தலை என்று பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்து வரும். அனுபவமுள்ள தோல் மருத்துவர் ஒருவர் பார்க்கும் விதத்தை அருகிலிருந்து கவனித்தால் விஷயம் புரியும். கையில் உள்ள படையைக் காட்ட வந்தவரிடம் அவர் கையை முதலில் பார்ப்பதில்லை. முடியை விலக்கி, நெற்றியின் முடிக்கோட்டுக்கு அப்பால் செதில் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறதா என்று பார்ப்பார். பொடுகு பெரும்பாலும் முடிக்குள்ளேயே நிற்கும், எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். சோரியாசிஸ் முடிக்கோட்டைத் தாண்டும், செதில் உலர்ந்திருக்கும். பிறகு காதின் பின்புறம், தொப்புள், பிட்டப் பிளவு. “சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க” என்றதும் நோயாளி தயங்குவார். அங்கே எதுவும் இல்லை சார் என்பார். தொப்புளுக்குள் ஒரு சிறு படை இருந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது நகங்கள். மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள், நகத்தடியில் எண்ணெய் நிறத் திட்டு, நகம் சதையிலிருந்து பிரிந்து நுனியில் வெளுத்துப்போவது, அடியில் மாவுபோன்ற படிவு. நகச்சொத்தை என்று பூஞ்சை மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு இருந்தது சோரியாசிஸ்தான். நகத்தைச் சுரண்டிச் சோதித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது.

கடைசியில் மருத்துவர் ஒரு கண்ணாடித் தகட்டால் படையை மெல்லச் சுரண்டுவார். மெழுகுவத்தியைச் சுரண்டினால் உதிர்வதுபோல வெள்ளைச் செதில் அடுக்கடுக்காக உதிரும். இன்னும் சுரண்டினால் ஈரமான மெல்லிய சவ்வு ஒன்று கழன்று வரும். அதன் கீழே குண்டூசிமுனைப் புள்ளிகளாக ரத்தம் கசியும். தோலின் கீழடுக்கிலிருந்து நீண்டு மேலே வந்துவிட்ட நுண்குழாய்களின் முனைகள் அவை. இதற்கு ஆஸ்பிட்ஸ் அடையாளம் என்று பெயர். எல்லோருக்கும் தெரிவதில்லை, வேறு சில நோய்களிலும் வரலாம். அதனால் இதை மட்டும் வைத்து யாரும் முடிவுகட்டுவதில்லை. சந்தேகம் இருந்தால் செதிலை பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகளைத் தேடுவார்கள். சில நிமிட வேலை, செலவும் சொற்பம். படர்தாமரையா சோரியாசிஸா என்ற கேள்விக்கு இதைவிட மலிவான விடை இல்லை. அப்படியும் தெளியாவிட்டால் தோலில் ஒரு சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள்.

வீட்டுப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்கும் சந்தேகம் வேறொன்று: பெருநோய். ஐரோப்பாவும் இந்தச் சந்தேகத்தில் வெகுகாலம் கிடந்தது. ராபர்ட் வில்லன் 1808-இல் சோரியாசிஸைத் தெளிவாக வருணித்தபோதுகூட அதன் ஒரு வடிவத்துக்கு லெப்ரா என்ற பெயரையே வைத்தார். வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1841-இல்தான் இரண்டையும் பிரித்து வைத்தார். இடைக்காலத்தில் தொழுநோயாளிகள் என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களில் எத்தனை பேர் சோரியாசிஸ்காரர்கள் என்று இனி எண்ண முடியாது. வேறுபாடு உண்மையில் எளிது. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி மரத்திருக்கும், பெரும்பாலும் அரிக்காது, இப்படிச் செதில் கொட்டாது. சோரியாசிஸில் தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும். அது தொற்றும் நோயே அல்ல. ஒரே சீப்பு, ஒரே துண்டு, ஒரே படுக்கை, தாம்பத்தியம், எதனாலும் பரவாது. ஆனாலும் முடிவெட்டும் கடையில் கழுத்துப் பட்டையைத் தாண்டித் தெரியும் செதிலைப் பார்த்துவிட்டு, “அப்புறம் வாங்க” என்று அனுப்பப்படாத சோரியாசிஸ்காரரைக் காண்பது அரிது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1985-இல் நியூயார்க்கர் இதழில் தன் தோலோடு நடத்திய போரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். எந்த ஊரில் குடியிருப்பது, என்ன தொழில் செய்வது என்பதில்கூட இந்த நோய்க்கு வாக்கு இருந்ததாக அதில் ஒப்புக்கொண்டார். அவர் இப்ஸ்விச் ஊரைத் தேர்ந்தெடுத்ததில் அங்குள்ள கடற்கரை வெயிலுக்கும் பங்கு இருந்தது.

எல்லாச் சோரியாசிஸும் தடித்த படையாக வருவதில்லை. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அப்படித்தான் வரும் என்றாலும், மற்ற வடிவங்களை அறிந்திருப்பது நல்லது. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தொண்டை அழற்சி வந்து இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெங்கும் மழைத்துளி அளவுக்குச் சின்னச் சின்னப் படைகள் எழும்பும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிதான் தூண்டுகோல். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு ஆகிய இடங்களில் வந்தால் வியர்வையால் செதிலே இருக்காது. வழவழப்பான பளபளப்பான படையாக இருக்கும். அதைப் பூஞ்சை என்று நினைப்பது மிக எளிது. உள்ளங்கை, உள்ளங்காலில் வந்தால் வெடித்துப் புண்ணாகும், வேலைக்குப் போகிறவரை முடக்கிப்போடும். அபாயமானவை இரண்டு. உடல் முழுக்கத் தோல் கனன்று உரிவது ஒன்று. காய்ச்சலோடு சீழ்க்கொப்புளங்கள் கூட்டமாக எழுவது மற்றொன்று. இரண்டிலும் உடல் சூட்டையும் நீரையும் புரதத்தையும் இழக்கும். உயிருக்கே ஆபத்து, மருத்துவமனையில் சேர்த்தே ஆகவேண்டும்.

இந்த இரண்டும் திடீரென்று வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு நிறுத்துவது. ஒரு ஊசியில் உடம்பெல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். அதைப் போட்டவர் கைராசிக்காரர் என்று பெயர் எடுப்பார். மருந்து உடம்பைவிட்டு வெளியேறும்போது நோய் பல மடங்கு சீற்றத்தோடு திரும்பும், சிலருக்குச் சீழ்க்கொப்புளமாகவே. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலங்களிலும் ஸ்டீராய்டு ஒளிந்திருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. சோரியாசிஸில் மிக வேகமாகக் குணம் தெரிந்தால் மகிழ்வதற்கு முன், கொடுத்த மருந்தின் பெயரைக் கேளுங்கள். பெயரைச் சொல்ல மறுக்கும் இடத்துக்கு மறுமுறை போகவேண்டாம்.

தோலில் நடப்பது என்ன? நல்ல தோலில் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். சோரியாசிஸில் அந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒட்டிக்கொண்டே மேலே வந்து குவிவதுதான் செதில். வெகுகாலம் இதைத் தோல் செல்லின் கோளாறு என்றே நினைத்தார்கள். உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு நோயெதிர்ப்பை அடக்கத் தரப்படும் சைக்ளோஸ்போரின் மருந்து சோரியாசிஸைத் தணிப்பதை 1979-இல் கண்டபோது கதை மாறியது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்களை அடக்கினால் தோல் தேறுகிறது என்றால், ஏவுகிறவை அந்த அணுக்கள்தானே? அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனதில் இன்டர்லூகின் 23, இன்டர்லூகின் 17 ஆகிய இரண்டு சமிக்ஞைப் புரதங்கள் நடுநாயகமாக நிற்பது தெரியவந்தது. முதலாவது ஒரு வகை டி அணுக்களை வளர்த்து முடுக்கிவிடும். அவை இரண்டாவதைச் சுரக்கும். அதனால் தோல் செல்கள் வெறிகொண்டு பெருகும். படை ஆறிய இடத்தில் இந்த அணுக்களில் சில நினைவோடு தங்கிவிடுவதால்தான், மாதங்கள் கழித்தும் நோய் பழைய இடத்திலேயே முளைக்கிறது.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. விதியென்று சொல்லுமளவுக்கு இல்லை. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் என்றும், இருவருக்கும் இருந்தால் 40 சதவீதத்தை ஒட்டி என்றும் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. எச்எல்ஏ-சி 06 என்ற மரபணு வகை முக்கியமான சந்தேக நபர். இந்தியாவில் நடந்த ஆய்வுகள், பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கொண்டு, 0.44 முதல் 2.8 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்கின்றன. மருத்துவமனைக்கே வராமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

மரபணு துப்பாக்கியில் குண்டை நிரப்பி வைக்கும், விசையை அழுத்துவது வேறு ஏதோ ஒன்று. 1872-இல் பிரெஸ்லாவ் நகரத்தில் ஹைன்ரிஷ் கோப்னர் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசினார். குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய கோடுகளிலும் அவருக்குப் படை முளைத்திருந்தது. தோலில் காயம் பட்டால் அந்தத் தடத்திலேயே சோரியாசிஸ் எழும் என்பதற்கு இன்றும் அவர் பெயர்தான். நாடா இறுக்கும் இடுப்பு, செருப்பு வார் உரசும் புறங்கால், நகத்தால் பிறாண்டிய கோடு என்று நம் ஊரில் இதன் உதாரணங்கள் வீட்டிலேயே கிடைக்கும். அரிக்கும்போது சொறியாதே என்பது வெறும் அறிவுரை அல்ல. மன உளைச்சல், மது, புகை, உடற்பருமன் ஆகியவையும் தூண்டும். சில மருந்துகளும் உண்டு: மனநோய்க்குத் தரும் லித்தியம், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா தடுப்பான்கள், குளோரோகுயின் வகை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் தோல் மருத்துவரிடம் போகும்போது எல்லாச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் விலக்குப் பட்டியல் நீளமானது. கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால் என்று கரப்பான் பண்டம் ஒவ்வொன்றாக இலையிலிருந்து போகும். ஒவ்வாமை உள்ள தனி ஒருவருக்கு ஏதேனும் ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். சோரியாசிஸ் எல்லோருக்கும் கத்தரிக்காயால் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டுதான்: குடியை நிறுத்துவது, எடை அதிகமானவர்கள் எடையைக் குறைப்பது. எடை குறைந்தால் படையும் குறைகிறது, மருந்தும் நன்றாகக் கேட்கிறது என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு மாலையில் குவாட்டருக்குப் போகிறவரின் பத்தியம் எந்தக் கணக்கிலும் சேராது.

சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்று அறிவார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் மெல்ல ஊதா நிறமாகும். அந்தத் தைலம் தமிழ்நாட்டில் சோரியாசிஸ்காரர்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். செதிலை இளக்கி வறட்சியைத் தணிப்பதில் அதன் பயன் கண்கூடு. நோயின் போக்கையே மாற்றுகிறதா என்று சொல்லும் அளவுக்குப் பெரிய, ஒப்பீட்டுக் குழு வைத்த சோதனைகள் குறைவு. லேசான நோய்க்கு, தகுதியுள்ள சித்த மருத்துவர் மேற்பார்வையில் தைலம் பூசுவதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பாதரசமும் ஈயமும் சேர்ந்ததா என்று தெரியாத உள்மருந்தை மாதக்கணக்கில் உண்பது வேறு விஷயம். அங்கே சிறுநீரகம் விலை கொடுக்கும்.

சிகிச்சையின் முதல் கேள்வி நோய் எவ்வளவு என்பது. நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கைப் பரப்பு உடல் தோலில் ஏறத்தாழ ஒரு சதவீதம். படைகள் மூன்று உள்ளங்கைக்குள் அடங்கினால் லேசு, பத்தைத் தாண்டினால் கடுமை. ஆனால் முகத்திலோ உள்ளங்கையிலோ பிறப்புறுப்பிலோ இருந்தால் ஒரே ஒரு சதவீதமும் கடுமைதான். உள்ளங்கை வெடித்த கொத்தனாரிடம் உனக்கு லேசான நோய் என்று சொல்ல முடியுமா?

லேசான நோய்க்குப் பூச்சு போதும். வைட்டமின் டி சார்ந்த கால்சிபோட்ரியால், அளவும் காலமும் குறித்துத் தந்த ஸ்டீராய்டு, செதில் தடித்த இடத்தில் சாலிசிலிக் அமிலம், தலைக்குத் தார் கலந்த ஷாம்பு. ஸ்டீராய்டு களிம்பு கெட்டதல்ல. சரியான இடத்தில், சரியான வீரியத்தில், படிப்படியாகக் குறைத்துப் பயன்படுத்தினால் அது நல்ல மருந்து. முகத்திலும் தொடையிடுக்கிலும் கடும் ஸ்டீராய்டைத் தடவித் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்தவர்கள் பெரும்பாலும் சீட்டு இல்லாமல் வாங்கியவர்கள்தான். எதைப் பூசினாலும் குளித்த ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வேறு ஈரப்பூச்சோ தடவுவதை விடக்கூடாது. செலவில்லாத சிகிச்சை என்பதால் இதை யாரும் சிகிச்சையாக மதிப்பதில்லை.

படை பரவியிருந்தால் ஒளி. வெயில் இந்த நோயைத் தணிக்கிறது என்பது பழைய அறிவு. 1925-இல் மேயோ கிளினிக்கில் வில்லியம் கோக்கர்மன் தாரையும் புற ஊதாக் கதிரையும் இணைத்தார். 1974-இல் பாஸ்டனில் சோராலன் மாத்திரையோடு நீண்ட அலைப் புற ஊதா ஒளி தரும் முறை வந்தது. அந்தச் சோராலன், வெண்படைக்கு நம் வைத்தியர்கள் தரும் கார்போகரிசியிலும் இருக்கும் பொருள்தான். இப்போது பெரும்பாலும் 311 நானோமீட்டர் அலையில் குறுகிய பட்டைக் கதிரை மட்டும் தருகிறார்கள். மாத்திரை வேண்டாம், கர்ப்பிணிக்கும் தரலாம். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இந்தக் கருவி இருக்கிறது. வாரம் மூன்று நாள், இருபது முப்பது முறை வரவேண்டும் என்பதுதான் இடி. தினக்கூலிக்காரருக்கு ஒளி இலவசம். மூன்று நாள் கூலியும் பஸ் கட்டணமும் இலவசமில்லை. அதனால்தான் பாதியில் நிற்கிறார்கள்.

அடுத்த படி மெத்தோட்ரெக்சேட். இந்த மருந்தின் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1895-இல் பீமாவரத்தில் பிறந்த எல்லாப்ரகட சுப்பாராவ் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதரில் தைத்த அறுவை அங்கியைப் போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. இரண்டு சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ வயிற்றுநோய் அவரையும் பிடித்து, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு ஹார்வர்ட், அதன் பின் நியூயார்க் அருகே லெடர்லி ஆய்வகம். அவர் தலைமையில் அங்கே ஃபோலிக் அமிலத்தை உண்டாக்கினார்கள். அதை எதிர்க்கும் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அதே கூடத்தில் பிறந்தவை. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து சிட்னி ஃபார்பர் வெளியிட்ட கட்டுரை 1948-இல் வந்தது. அதே ஆண்டு சுப்பாராவ் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, மூட்டுவாதத்துக்கு அமினோப்டெரின் கொடுத்த ரிச்சர்ட் குப்னர், சோரியாசிஸ் மறைவதையும் பார்த்தார். 1958 முதல் அதன் இடத்தை மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொண்டது. இன்றும் உலகில் கடும் சோரியாசிஸுக்கு மிக மலிவான, நெடுங்கால அனுபவமுள்ள மாத்திரை அதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் உரக்கச் சொல்லவேண்டும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை. தினமும் அல்ல. மற்ற நாட்களில் மருத்துவர் சொன்னபடி ஃபோலிக் அமிலம். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாக இருப்பதால் மாற்றிப் போட்டுக்கொள்வது எளிது. தெரியாமல் தினமும் விழுங்கி, வாய் முழுதும் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து இறந்தவர்களைப் பற்றிய பதிவுகள் உலகெங்கும் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. சீட்டில் கிழமையின் பெயரை முழுதாக எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க நினைப்பவர்களும் தொடக்கூடாது. இதைச் சாப்பிடுகிறவர்கள் மது குடிக்கக்கூடாது. ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளை மருத்துவர் சொன்ன இடைவெளியில் செய்யவேண்டும். இந்த வரம்புக்குள் ஏராளமானோர் இதைப் பாதுகாப்பாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அசிட்ரெட்டின் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு. நிறுத்திய பிறகும் மூன்றாண்டுகள் கருத்தரிக்கக்கூடாது என்பதால் இளம்பெண்களுக்குத் தருவதில்லை. அப்ரெமிலாஸ்ட் என்ற மாத்திரை ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது, வேகம் குறைவு.

உயிரியல் மருந்துகள் என்ற ஊசிகள்தான் இந்தத் துறையின் பெருமாற்றம். முதலில் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை வந்தன. பின்னர் இன்டர்லூகின் 17-ஐயும் 23-ஐயும் குறிவைப்பவை. தொண்ணூறு சதவீதப் படை மறைவது முன்பு கனவு. இப்போது பெரும்பாலானவர்களிடம் அதை எதிர்பார்க்கலாம். இந்தியாவும் இதில் வேடிக்கை பார்க்கவில்லை: சிடி6 என்ற புரதத்தைக் குறிவைக்கும் இட்டோலிசுமாப் 2013-இல் சோரியாசிஸுக்காக முதன்முதலில் இங்கேதான் அனுமதி பெற்றது; 2014-இல், டிஎன்எஃப் தடுப்பான்களில் ஒன்றான அடலிமுமாபின் உலகின் முதல் ஒத்த வடிவம் இங்கே விற்பனைக்கு வந்தது. விலை இறங்கியிருக்கிறது, ஆனால் மாதச் சம்பளக்காரரின் கைக்கு இன்னும் எட்டவில்லை. இதைவிட நம் நாட்டுக்குரிய கவலை காசநோய். டிஎன்எஃப் தடுப்பான், உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடக்கூடியது. ஊசி போடுமுன் மார்பு எக்ஸ்ரேயும் மான்டூ அல்லது ஐஜிஆர்ஏ சோதனையும் கட்டாயம். இந்தச் சோதனைகளைக் கேட்காமல் ஊசியைத் தொடங்கும் இடத்தில் தொடங்காமல் இருப்பதே மேல்.

சோரியாசிஸைத் தோல்நோய் என்று மட்டும் பார்த்தால் பாதி கண்ணில் படாது. நோயாளிகளில் கணிசமானோருக்கு, சில ஆய்வுகளில் மூன்றில் ஒருவர் வரை, மூட்டும் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் தோல்நோய் வந்து சில ஆண்டுகள் கழித்து வரும். காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்திருப்பது, ஒரு விரல் மட்டும் அடி முதல் நுனி வரை வீங்குவது, குதிகால் வலி. ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை என்று வந்ததும் வாதம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். எலும்பு மருத்துவரிடம் தலையில் உள்ள செதிலைச் சொல்வதில்லை. தோல் மருத்துவரிடம் குதிகால் வலியைச் சொல்வதில்லை. இடையில் மூட்டு அரித்துக்கொண்டு போகும், அரித்தது திரும்பாது. இதயமும் கணக்கில் வரும். 2006-இல் பிரிட்டனின் பொது மருத்துவப் பதிவுகளை வைத்து கெல்ஃபாண்டும் உடனாளர்களும் செய்த ஆய்வு, கடும் சோரியாசிஸ் உள்ள இளையவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. ஆகவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்கச் சொல்வார்கள். மனச்சோர்வை யாரும் பார்ப்பதில்லை. உலக சுகாதாரப் பேரவை 2014-இல் இந்த நோய்க்கென்று தனித் தீர்மானம் நிறைவேற்றியபோது ஒதுக்கலையும் மனநலத்தையும் அதில் சேர்த்தது.

முற்றாகக் குணமாகுமா என்ற கேள்விக்கு இன்றுவரை விடை, கட்டுப்படுத்தலாம் என்பதுதான். நிரந்தரக் குணம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர் நோயைப் பற்றிய முதல் பாடத்தையே தாண்டியவர் அல்லர். ஆனாலும் அண்மை ஆண்டுகளில் ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. நோய் தொடங்கிய ஓரிரு ஆண்டுக்குள், அந்த நினைவு அணுக்கள் தோலில் வேர்விடுமுன், இன்டர்லூகின் 17 அல்லது 23 தடுப்பானைக் கொடுத்தால் போக்கே மாறுமா? ஐரோப்பாவில் நடந்த சோதனைகளில் சீக்கிரம் தொடங்கியவர்களின் தோல் முழுதாகத் தெளிந்ததும், ஊசியைத் தள்ளிப்போட்டபோதும் தெளிவு நீடித்ததும் கூடுதலாகக் காணப்பட்டது. முடிவுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த ஓரிரு ஆண்டுகளைத்தான் நம் நோயாளிகள் பெரும்பாலும் படர்தாமரைக் களிம்போடு கழிக்கிறார்கள்.